கோச்சுக்குக் கொடுத்த வாக்கு

கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி ஒரு கடதாசியில் கையெழுத்துப் போடப் போகிறார் என்பதற்காக, ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் நான் ஏன் சமையலறை நிலத்தில் குந்தியிருந்து அழவேண்டும் என்று அக்கா ரெலிபோனில் கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைக்கு மூக்கைச் சீறிவிட்டு, "உனக்கு விளங்காது, வை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். ஆறுதலாக என்றதும் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மகள் நீச்சல்காரி. தவளை நீந்துவதைப் போல நீந்துவார்களே, அதுதான் அவளுடைய பிரிவு. நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் கட்டடத்தில் குடியிருந்தபோது அவளுக்கு மூச்சு இழுப்பு. நீந்தவிட்டால் நெஞ்சு விரியும் என்று டொக்டர் சொன்னார். நடந்து போகிற தூரத்தில் நகரசபையின் குளம் ஒன்று இருந்தது, சிறுவர் வகுப்பு இலவசம். மருந்தாக ஆரம்பித்தது. இழுப்பு போய்விட்டது, நீச்சல் போகவில்லை. மார்க்கத்துக்கு வீடு மாறியபிறகு விடிய வெள்ளன எழும்பி, பனியைச் சுரண்டி, காரைச் சூடாக்கி, அவளைக் குளத்தில் இறக்கிவிட்டு, நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்குப் போவேன். வருசக்கணக்காக அதுதான் என் சீவியம். குளோரின் முடியைத் தின்றுவிடுமே என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, அதற்கு மேல் நீச்சல் தொப்பியைப் போட்டு அனுப்புவேன். குளத்தில் அவள் போன பாதை மட்டும் மினுங்குகிறது என்று பயிற்சியாளர் முறைப்பாடு வைத்தார். எண்ணெயைக் குறைத்தேன், நிறுத்தவில்லை.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? "ஐயோ, பிள்ளை கறுத்துப் போச்சுது" என்பார்கள். "பெரியபிள்ளையான பிறகும் உந்த உடுப்போட எல்லாருக்கும் முன்னால நிக்கிறதே?" என்பார்கள். நான் விடமாட்டேன். "உங்கட பிள்ளை சோபாவில படுத்து வெள்ளையாத்தான் இருக்கு, என்னத்தைக் கண்டது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

என் மனுசன் வேறு விதம். அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை, அங்கே யூனியன் பிரதிநிதி. மகள் அமெரிக்கக் கல்லூரிக்கு நீந்தலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அந்த விளையாட்டுச் சட்டங்களைத் தோண்டத் தொடங்கினார். எங்கள் வீட்டில் சோறும் மீன்குழம்பும் வைத்தால் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் சரித்திரமும் வந்துவிடும்.

"இஞ்சேரும், கேளும். முதல் முதல் ரெண்டு யூனிவர்சிற்றி போட்டி வைச்சது ஏரியில வள்ளம் வலிச்சு. செலவு ஆர் குடுத்தது தெரியுமே? ஒரு ரயில் கொம்பனி! தன்ர ரயிலுக்கு ஆக்கள் வரவேணும் எண்டு. முதல் நாளே காசுதான். பிறகு காசில்லை, விளையாட்டுக்காக விளையாட்டு எண்டு நூறு வருசத்துக்கு மேலாக் கதை விட்டவங்கள்."

அவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அமெரிக்கக் கால்பந்தில் பெடியன்கள் நெஞ்சுடைந்து, கழுத்து முறிந்து செத்தார்களாம். அமெரிக்க ஜனாதிபதியே கல்லூரிக்காரரைக் கூப்பிட்டு, இதை ஒழுங்காக்குங்கள் என்றாராம். அதற்குப் பிறகுதான் ஒரு சங்கம் பிறந்தது. பிறகொரு காலம் தலையில் அடிபட்டு இறந்த ஒரு விளையாட்டுக்காரனின் மனைவி, வேலையில் இறந்தவனுக்குக் கொடுக்கிற நட்டஈட்டைத் தனக்கும் தாருங்கள் என்று கேட்டாள். 'அவன் வேலைக்காரன் இல்லை, மாணவ விளையாட்டு வீரன்' என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் சோறு பிசைகிற கையை நிறுத்திவிடுவார். ஒரு கூடைப்பந்துக்காரன் சிநேகிதன் வீட்டில் வீடியோ கேமில் தன்னையே கண்டு, என் முகத்தை வைத்து உழைக்கிறார்களே என்று வழக்குப் போட்ட கதையும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபிறகுதான் எங்கள் மகளைப் போன்றவர்களுக்குக் கல்லூரி நீச்சலில் வாசல் திறந்தது. அந்தச் சட்டத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். மற்றதெல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டதுதான்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கிய இலையுதிர் காலத்தில், நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் நீச்சல் கோச் கொம்பியூட்டர் திரையில் வந்தாள். சிரித்த முகம். உன்னை எங்களுக்கு வேண்டும் என்றாள். படிப்புக்கு உதவிப்பணம் உண்டு, அணியில் இடம் உண்டு. கல்லூரி விளையாட்டுக்காரருக்குக் காசு கொடுப்பது பற்றிக் கலிபோர்னியாவில் நடக்கிற பெரிய வழக்கு ஒன்று சமாதானமாகப் போகிறது, புதுச்சட்டம் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுக் கடதாசி அனுப்புகிறேன், இப்போதைக்கு என் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாக்கைத் தாருங்கள் என்றாள். மகள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தலையாட்டினோம். "யெஸ், கோச்" என்றாள். அங்கே இதைக் 'கொமிற் பண்ணுவது' என்பார்கள்.

எங்கள் சனத்துக்கு வாக்கு என்றால் என்னவென்று சொல்லவா வேண்டும்? சம்பந்தம் பேசி, பெண்வீட்டார் ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதன்பிறகு தங்கத்தால் செய்த மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் இதையும் அப்படித்தான் எடுத்தேன். நான் மட்டுமில்லை, வீடே அப்படித்தான் எடுத்தது. ஸ்காபரோவில் மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். நீச்சல் குளம் மாதிரிக் கேக், நீல ஜெலியில் தண்ணீர். மகளுக்கு நீலச்சேலை, தலையில் மல்லிகை, அந்த மல்லிகைக்கு மேல் கல்லூரியின் தொப்பி. படக்காரன் அவளைப் பலூன் வளைவுக்குக் கீழே நிறுத்தி, பெரியபிள்ளையானவர்களுக்குச் செய்கிற சாமத்தியவீட்டில் எடுப்பதுபோல நாடியில் விரலை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தான். அவள் வெட்கத்தில் சிரித்த சிரிப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. கறுத்துப் போச்சுது என்று சொன்ன ஆட்களெல்லாம் வரிசையில் நின்று அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒன்ராறியோவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தின் நீச்சல் பயிற்சியாளர் அழைத்தார். எங்களிடம் வாருங்கள், இடமும் தருகிறோம், உதவியும் தருகிறோம் என்றார். மகள் நல்ல மரியாதையாக, "நாங்கள் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்றாள்.

"எழுத்தில் தந்துவிட்டார்களா?" என்று அவர் கேட்டார்.

"வாக்குத் தந்திருக்கிறார்கள்."

அந்தப் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு நல்லாயிரு என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை! நான் வளர்த்த பிள்ளை சொன்ன சொல் மாறவில்லை என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அந்த மனிசன் ஏன் பேசாமல் இருந்தார் என்று யோசிக்கிற புத்தி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. அடுப்பில் பால். மனுசன் மேசையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு ஒரே சந்தோசம்.

"இது சரித்திரம் அப்பா! கல்லூரியளே பிள்ளையளுக்கு நேரடியாக் காசு குடுக்கலாமாம். பழைய பிள்ளையளுக்கும் நட்டஈடாம். அந்தச் செத்த பெடியன்ர மனுசி கேட்டு எத்தினை வருசத்துக்குப் பிறகு!"

"நல்லது. எங்கட பிள்ளைக்கும் குடுப்பினமோ?"

"அவளுக்குக் கஷ்ரம். வெளிநாட்டு மாணவ விசா. ஆனா அது வேற விசயம்…" என்று தொடங்கியவர் திரையைத் தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது. "அணிக்கு எண்ணிக்கை வைக்கப் போகினமாம்" என்றார்.

விசயம் இதுதான். முந்தி ஒரு அணியில் எத்தனை பேருக்கு உதவிப்பணம் கொடுக்கலாம் என்பதற்குத்தான் கட்டுப்பாடு இருந்தது. அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு இல்லை. இனி எல்லோருக்கும் உதவி கொடுக்கலாம், மேலதிகமாகக் காசும் கொடுக்கலாம். ஆனால் அணிக்கு இத்தனை தலைதான், அதற்கு மேல் ஒரு தலை கூடாது. நீதிபதி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கல்லூரிகள் அதற்குள்ளேயே பிள்ளைகளைக் கழிக்கத் தொடங்கிவிட்டன.

அதே காலையில், அதே பால் பொங்கி வழிய, கோச் மகளுடைய போனில் வந்தாள். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். கோச்சின் குரல் தழதழத்தது. எண்ணிக்கை வந்துவிட்டது, மேலிடம் வெட்டச் சொல்லிவிட்டது, புதிதாக வருகிற பிள்ளைகளில் உன்னை வைத்திருக்க முடியவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்றாள்.

என் மகள் நிமிர்ந்து நின்று, "ஐ அண்டர்ஸ்ராண்ட். தாங்க் யூ, கோச்" என்றாள்.

போன் நின்றதும் எனக்கு விசர் பிடித்துவிட்டது. "என்னத்துக்கடி தாங்க் யூ? உன்ர கழுத்தை அறுத்ததுக்கோ? நல்லா அறுத்தாய், தாங்க் யூ எண்டோ?"

"அம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போதுதான் நான் நிலத்தில் குந்தினேன், அக்காவும் அப்போதுதான் போனில் அழைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. அவள் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். விடிய வெள்ளன எழும்பிப் பழகிய உடம்பு, எனக்கு முழிப்பு வந்துவிடும். வந்து என்ன செய்ய? கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவளுடைய துவாயில் குளோரின் மணக்கிறது என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன். அந்த மணம் வீட்டை விட்டுப் போனபோது செத்தவீடு மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், சாப்பாடு வைத்தால் கோழி கொத்துவதுபோலக் கொத்திவிட்டு வைத்துவிடுவாள். பிள்ளை தனக்கு ஏதும் செய்துபோடுவாளோ என்று எனக்குப் பயம். அறையைப் பூட்டக்கூடாது என்று சட்டம் போட்டேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியே போய் நின்று, "பிள்ளை, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்பேன். உள்ளே இருந்து குரல் வந்தால் போதும்.

கோபத்தை யார்மேல் போட? மனுசன்தான் கையெட்டுகிற தூரத்தில் இருந்தார்.

"பாத்தீங்களே உங்கட சரித்திரத்தை! பெரிசா வெண்டு தள்ளிப்போட்டீங்கள்!"

"நான் என்னப்பா செய்தனான்?"

"சந்தோசப்பட்டீங்கள்! உவளின்ர சோத்தில மண் விழுந்த நேரம் நீங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனீங்கள்!"

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். "உழைக்கிறவனுக்குக் கூலி குடுக்கிறது சரிதானே. அதைப் பிழை எண்டு நான் சொல்லேலாது. எங்கட பிள்ளைக்கு இடம் போட்டுது எண்டதுக்காக நீதி பிழையாப் போயிடுமே?"

"எனக்கு நீதி வேண்டாம். எனக்கு உவள் நீந்த ஒரு லேன் கிடைச்சால் காணும்."

அவர் எழும்பினார். கராஜுக்குள் போய், காரைத் திறந்து உள்ளே இருந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தார். யூனியனில் முதலாளிகளோடு சத்தம் போடுகிற மனுசன். நான் அவரைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். நாங்கள் வேண்டாம் என்ற இடத்துக்கு அவர்கள் அடுத்த கிழமையே வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்களாம். அந்தப் பயிற்சியாளரின் குரலில் இரக்கம் இருந்தது. இரக்கத்தை வைத்து நீந்த முடியாது.

அக்காதான் வழி சொன்னாள். "சம்பந்தம் குழம்பினால் நாங்கள் என்ன செய்வம்? போனில கதைச்சுக்கொண்டே இருப்பம்? நேரில போவம். முகத்தைப் பாத்தால் ஆரும் இரங்குவினம். வெறுங்கையோட போகாதை."

எனக்கு அது சரியாகப் பட்டது. வேறு ஒரு வழியும் தெரியாதவளுக்கு எதுவும் சரியாகத்தான் படும். முறுக்கும் பயத்தம்பணியாரமும் சீனிஅரியதரமும் சுட்டு, நல்ல எவர்சில்வர்த் தட்டில் அடுக்கி, மேலே பட்டுத்துணி போட்டுக் கட்டினேன். மனுசன், "சீ, உது கலியாணமே?" என்றார். என்றாலும் கார்ச்சாவியை எடுத்தார். மகள் வரமாட்டேன் என்று நின்றாள். நான் அழுதேன். அழுதுதான் அவளைக் காரில் ஏற்றினேன்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எங்கே போகிறீர்கள்? ஒரு நீச்சல் கோச்சைப் பார்க்க. எதற்கு? மனுசன் தடுமாறி, "ரு ரோக்" என்றார். பேசுவதற்காம். அதிகாரி பட்டுத்துணியை விலக்கி முறுக்கைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். நான், சாப்பிடுகிற சாமான், நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், போங்கள் என்று கையைக் காட்டினார்.

அந்தக் கல்லூரியின் குளத்தை நான் படங்களில்தான் கண்டிருந்தேன். நேரில் பார்க்க நெஞ்சு வலித்தது. அவ்வளவு நீளம், அவ்வளவு தெளிந்த தண்ணீர். கோச் கழுத்தில் விசிலோடு வந்தாள், எங்களைக் கண்டு திகைத்துப்போனாள். மகளைக் கட்டிப்பிடித்தாள். நான் தட்டை நீட்டினேன். வழி நெடுகப் பாடமாக்கிய இங்கிலீசெல்லாம் அந்த இடத்தில் பறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். இவள் நல்ல பிள்ளை, சொல்வழி கேட்பாள், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள், ஒரு மூலையில் நீந்தச் சொன்னாலும் நீந்துவாள், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன்.

"அம்மா, ஸ்ரொப். ப்ளீஸ் ஸ்ரொப்" என்றாள் மகள்.

கோச் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். இதைப்பற்றி ஒருவரோடும் பேசக்கூடாது என்று சட்டத்தரணிகள் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். தீர்மானம் தன்னுடையதில்லை, விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பான பணிப்பாளருடையது, அவர் கால்பந்துக்குக் காசு தேடுகிறார் என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றபடியே ஒரு அரியதரத்தை எடுத்துக் கடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் உடைமாற்றும் அறையிலிருந்து ஒரு பெட்டை வெளியே வந்தாள். பொன்னிறத் தலைமுடி, கறுப்புக் குப்பைப் பை ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். பைக்குள்ளே சப்பாத்து, துவாய், நீச்சல் கண்ணாடி. இரண்டு வருசமாக அங்கே நீந்திய பிள்ளையாம். அவளையும் வெட்டிவிட்டார்கள். மனுசன்தான் கேட்டு அறிந்தார். அவள் அழுத முகத்தோடு எங்களைத் தாண்டிப் போனாள். நான் தட்டிலிருந்து ஒரு பிடி பணியாரத்தை அள்ளி அவள் கையில் வைத்தேன். ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். இவளுக்கும் ஒரு தாய் எங்கேயோ அடுப்படியில் குந்தியிருப்பாள் என்று நினைத்தேன். அதுவரை உலகத்தில் எனக்கு மட்டும்தான் இந்த அநியாயம் நடந்தது என்று இருந்தேன்.

திரும்பி வருகிற வழியில் நயாகராவைத் தாண்டியபிறகுதான் மகள் வாய் திறந்தாள்.

"அம்மா, யூ நோ, நீங்கள் என்னை விக்கிற மாதிரிக் கதைச்சீங்கள்."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. "நான் பின்ன என்னடி செய்ய?" என்று கத்தினேன். மிச்ச வழியெல்லாம் வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம்தான்.

இரண்டு மூன்று கிழமை போயிருக்கும். மனுசன் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். "மறிச்சுப்போட்டா! நீதிபதி மறிச்சுப்போட்டா!"

கலிபோர்னியா நீதிபதி ஒரு பெண். எல்லாம் சரி, ஆனால் இந்த எண்ணிக்கையால் இடம் போன பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிவிட்டு வாருங்கள், அதுவரை நான் சம்மதிக்கமாட்டேன் என்றுவிட்டாராம். மனுசி என்றால் அவளல்லவோ மனுசி! அடுத்த நாளே றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் ஓடினேன். மகளின் பேரில் ஒரு அர்ச்சனை. பிறகு நீதிபதியின் பேரில் ஒரு அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது ஐயா, ஆள் அமெரிக்காவில் என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்ப சுவாமி பேரில செய்யிறன்" என்றார். சிதறு தேங்காய் ஒன்று அடித்தேன். நல்லாகச் சிதறியது. அதிலும் ஒரு நம்பிக்கை, பாருங்கள்.

அன்றிலிருந்து மகள் கொஞ்சம் சாப்பிட்டாள். ஒருநாள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனாள். துவாயை மோந்து பார்த்தேன். மணந்தது. நான் கழுவாமல் வைத்திருந்தேன்.

வழக்கறிஞர்கள் வழி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். இடம் போன பிள்ளைகளைத் திரும்ப எடுத்தால் அவர்கள் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். மனுசன் வாசித்துக்கொண்டு வந்து கடைசி வரியில் குரலை இறக்கிவிட்டார். கல்லூரி விரும்பினால் எடுக்கலாம். விரும்பினால். நீதிபதி அதற்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கல்லூரி விளையாட்டின் சரித்திரத்தில் பெரிய மைல்கல் என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் சொன்னார்கள். நான் சனலை மாற்றினேன்.

அதற்கிடையில் மகள் எங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் பார்த்திருந்தாள். அந்த ஒன்ராறியோப் பயிற்சியாளருக்குத் தானே எழுதியிருக்கிறாள். அணியில் இடமில்லை, உதவியுமில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் புரட்டாதியில் யாரும் வந்து நீந்திக் காட்டலாம், வேகம் இருந்தால் பார்ப்போம் என்று பதில் வந்திருந்தது. அவள் கேட்ட படிப்பிலும் இடம் நிறைந்துவிட்டது, வேறு ஒன்றுதான் மிச்சம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஓம் என்று சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் அமெரிக்கக் கோச் எடுத்தாள். மூவரும் சமையலறையில்தான் இருந்தோம். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். திரும்ப எடுக்கிற பிள்ளைகளில் உன் பெயரைத்தான் நான் முதலில் கொடுத்திருக்கிறேன் என்றாள் கோச். பணிப்பாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை, கோடை முடியச் சொல்வார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வேறு எங்கும் போய்விடாதே, எனக்காகக் காத்திரு, உன் வாக்கைத் தா என்றாள்.

மனுசன் குனிந்து, யூனியன் பேச்சுவார்த்தையில் கதைக்கிற குரலில், "இதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டார்.

"அது என்னால் முடியாது" என்றாள் கோச். பொய் சொல்லத் தெரியாதவள், பாவம்.

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டபிறகும் நான் மகளின் கையைப் பிடித்து உலுக்கினேன். "ஓம் எண்டு சொல்லு. சொல்லு பிள்ளை. ஓம் எண்டு சொல்லு." அந்த நீளக் குளம் என் கண்ணுக்குள் நின்றது. அந்தத் தண்ணீரில் என் பிள்ளை ஒருதரம் இறங்கினால் போதும் என்று இருந்தது. என் கண்ணீர் அவள் கையில் விழுந்தது. அவள் கையை இழுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"கோச், ஏற்கெனவே நாங்கள் ஒரு வாக்குத் தந்திருக்கிறோம்" என்றாள் ஆங்கிலத்தில். "அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தருவதற்கு இன்னொரு வாக்கு என்னிடம் இல்லை."

கோச் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. மகள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை நிறுத்தினாள். இந்தமுறை அவள் தாங்க் யூ சொல்லவில்லை.